முத்துப் பணமும் சங்குப் பணமும்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1955இல் தொடங்கிச் சில ஆண்டுகள் பார்கள், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகள், முத்துக் கொடுத்தன. பிறகு கடல் மூடிக்கொண்டது. அதற்கு முந்தைய காலத்திலும் அப்படித்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் பார்களில் ஆளை இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை எடைபோட்டு, லாபம் தேறும் என்று கணக்குச் சொன்னால்தான் குளிப்பு அறிவிப்பு வரும். வந்ததும் வெறும் கரையில் ஓர் ஊரே எழும்பும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. குளிப்பு முடிந்தால் பந்தல் பிரிந்துவிடும். அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. இடையில் பல ஆண்டுகள் வெறுமனே போகும். அந்த ஆண்டுகளில் அதே குடும்பங்களின் அடுப்பை எரியவிட்டது சங்கு. முத்துக்கு இருக்கும் புகழ் அதற்கு இல்லை. ஆனால் வருடம் தவறாமல் சீசன் வந்தது, வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குச் சரக்குப் போனது, கூலி கைக்கு வந்தது. திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்குக்கு மூழ்கப் போகிறார்கள்.

எச்ஐவி தடுப்புப் பணிக்கு வரும் நிதியை எடைபோட எனக்கு இந்த இரண்டு வருமானங்களைவிடப் பொருத்தமான படிக்கல் கிடைக்கவில்லை. இந்தக் கரையில் வேலை செய்யும் ஒரு சிறு தொண்டு நிறுவனமோ, தொற்றோடு வாழ்பவர்கள் தாங்களே நடத்தும் ஒரு சங்கமோ, எந்தப் பணத்தைத் தேடிப் போக வேண்டும்? எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும்? வெளிநாட்டு அறக்கட்டளைகள், குளோபல் ஃபண்டு, மத்திய அரசின் திட்டம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் என்று வாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் தொகை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறோம். நான் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். இன்றிரவு லாரிப் பேட்டையில் நின்று பேசிக்கொண்டிருக்கும் களப்பணியாளர், இந்தப் பணத்தை நம்பி அடுத்த வருடமும் அங்கே நிற்க முடியுமா?

இதை ஏன் அளவுகோலாக வைக்கிறேன் என்பதற்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளும் துறைமுகம் இது. உப்பும் நிலக்கரியும் கன்டெய்னரும் ஏற்றி இறக்கும் லாரிகள் மதுரைச் சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. சரக்குக்காக இரண்டு நாள் மூன்று நாள் காத்துக் கிடக்கும் டிரைவர்களும் கிளீனர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வரும் பெண்கள் இருக்கிறார்கள். திருநங்கைகள் இருக்கிறார்கள். தான் யார் என்று வீட்டில் சொல்ல முடியாத ஆண்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் இளைஞர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்களில் ஒருவரிடம் ஆணுறையைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அவரை நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்யவைக்க ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதமும் பெரும்பாலும் டீக்கடைப் பேச்சுதான். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஏறக்குறைய 60 பேருக்கு, அவர்களிலிருந்தே வந்த ஒரு சக கல்வியாளர் என்பது தேசியத் திட்டத்தின் கணக்கு. யார் ஊரை விட்டுப் போனார், யார் மாத்திரையை நிறுத்தினார், யாருக்குப் புதிதாகப் புண் வந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டையும்விட முதலில் அந்தப் பெண்ணின் நினைவில்தான் இருக்கும். திட்டம் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போனால் அந்த நினைவும் போய்விடும். அடுத்து வருபவர் டீக்கடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சந்திப்புகள் கைபேசிக்குள் போய்விட்ட இந்தக் காலத்தில் அந்த இழப்பு இன்னும் பெரிது. பேட்டையில் நின்றாலே ஆள் தெரியும் என்ற நிலைமை இப்போது இல்லை.

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், தமிழ்நாட்டில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் சிஎம்சியில் செய்த பரிசோதனையில் தொற்று தெரியவந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான், அக்டோபர் 20ஆம் தேதி. ஆகவே இந்த மாவட்டத்தின் வயதும் நம் நாட்டில் இந்த நோய் குறித்த அறிவின் வயதும் ஒன்று.

முதல் பெரிய பணம் கடனாக வந்தது. 1992இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு உலக வங்கி 8.4 கோடி டாலர் கொடுத்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சுருக்கமாக டான்சாக்ஸ், பதிவானது. அரசின் கோப்பு நடைமுறைக்குள் சிக்காமல் தனிச் சங்கமாகப் பதிந்து செலவிடும் அந்த ஏற்பாட்டைப் பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. 1995இல் சென்னை அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் வழியாக, அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் களத்துக்கு வந்தது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவர்களெல்லாம் கேட்டது அந்தத் திட்டத்தின் விளம்பரம்தான். அந்த விளம்பரத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. பேசக் கூசிய ஒன்றை டீக்கடையில் பேசவைத்தது அது. கூடவே, நோய் வந்தவன் ஒழுக்கம் கெட்டவன் என்ற எண்ணத்தையும் ஊன்றிவிட்டது. கணவன் வழியாகத் தொற்று வந்த பெண்களுக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

ஆனாலும் விளைவு உண்டு. கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 2001இல் 1.13 சதவீதமாக இருந்த தொற்று 2007இல் 0.25 சதவீதமாக இறங்கியது. இந்த இறக்கத்தை யார் கணக்கில் எழுதுவது? இதில் பல கைகள் உரிமை கோருகின்றன. 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் ‘அவஹான்’ தொடங்கியது. பத்து ஆண்டுகளில் 33.8 கோடி டாலர். தமிழ்நாட்டில் அது ‘டாய்’ என்ற பெயரில் இயங்கியது. 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 2003க்கும் 2008க்கும் இடையில் அவஹான் சுமார் ஒரு லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கும் என்று மதிப்பிட்டது. அந்த ஆய்வைக் கவனமாகப் படித்தால், திட்டத்தின் வீச்சு கூடக் கூடத் தொற்று குறைந்தது என்ற தொடர்பை அது உறுதியாகக் கண்டது ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்ற மூன்று மாநிலங்களில். தமிழ்நாட்டுக்கு அதே உறுதி இல்லை. இதை அவஹானின் தோல்வி என்று நான் கொள்ளவில்லை. பெரிய பணம் வந்து சேர்வதற்கு எட்டு, ஒன்பது ஆண்டுகள் முன்பே இங்கே வேலை தொடங்கிவிட்டது, வளைவு ஏற்கனவே கீழே திரும்பியிருந்தது என்பது என் கணிப்பு. முன்கூட்டித் தொடங்கிய சிறிய, தொடர்ச்சியான வேலை இங்கே பெரும்பங்கு செய்திருக்கிறது என்றால், அடுத்து எந்தப் பணத்தைத் தேடுவது என்ற கேள்விக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது.

அவஹானுக்கு ஒரு பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். போகும் நாளை அது முதலிலேயே சொல்லிவிட்டு வந்தது. 2009, 2011, 2012 என மூன்று கட்டங்களாகத் தன் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்தது. ஒப்படைக்குமுன் அரசு நிர்ணயித்த செலவு விகிதத்துக்குத் தன் திட்டங்களை இறக்கிப் பழக்கியது. தாராளமான தொகைக்குப் பழகிய அமைப்புகளுக்கு அது வலித்தது. சிலர் ஆட்களைக் குறைத்தார்கள், சிலர் வாடகை இடத்தைக் காலி செய்தார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

2025இல் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்க அதிபர் போட்ட ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவி நின்றது. நடந்துகொண்டிருந்த வேலைகளை அப்படியே நிறுத்தச் சொல்லி சில நாட்களிலேயே உத்தரவு வந்தது. ஜூலை 1ஆம் தேதி யூஎஸ்எய்டே இல்லாமல் போனது. ஹைதராபாத், புனே, கல்யாண் ஆகிய ஊர்களில் திருநர்களுக்காக நடந்துவந்த ‘மித்ர்’ மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஹைதராபாத்தில் இருந்தது மட்டும் சில மாதங்களில் டாடா அறக்கட்டளை உதவியோடு வேறு பெயரில் திறந்தது. முத்துக்கு மூழ்குகிறவர் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கை தாலி அறுவதை மச்சான் விரும்பமாட்டான் என்பது அதன் கணக்கு. வாஷிங்டனில் கயிற்றைப் பிடித்திருந்தவருக்கு இங்கே எந்த உறவும் இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, ஏபேக் காலத்தில் அதே நாட்டுப் பணம் பல உயிரைக் காத்திருக்கிறது. கயிற்றை விட்டால் அவருக்கு இழப்பு இல்லை என்பதுதான் குறை.

குளோபல் ஃபண்டு இதைவிட நம்பகமானது, ஏனென்றால் அது பல நாடுகள் சேர்ந்து போடும் உண்டியல். தொற்றோடு வாழ்பவர்களின் ஆதரவு மையங்களை நடத்தும் ‘விஹான்’ 2013 முதல் அதன் நிதியில் நடந்தது. ஆனால் 2025 நவம்பரில் அந்த உண்டியலுக்கு 1800 கோடி டாலர் கேட்டதற்கு 1134 கோடிதான் வாக்குறுதியாக வந்தது. இருக்கும் பணம் ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளுக்கு முதலில் போகும், போகவும் வேண்டும். ஜாம்பியாவின் பங்கைத் தூத்துக்குடிக்குக் கேட்க எனக்கு மனம் இல்லை.

வெளிநாட்டுப் பணம் கிடைத்தாலும் அது இந்தக் கரைக்கு வந்து சேரும் வழி 2020 செப்டம்பரில் அடைபட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அன்று செய்த திருத்தத்தின்படி, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியது. கணக்கு தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு கேட்பவர் மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது வேலைக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். பெரிய அமைப்பு சென்னையில் வாங்கி, மாவட்டத்துச் சிறு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில்தான் எய்ட்ஸ் வேலை இருபது ஆண்டுகள் ஊருக்குள் போனது. அந்தக் கால்வாயை மண் போட்டு மூடியாயிற்று. அரசு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ‘எய்ட்ஸ் பணம்’ என்ற பேச்சு ஊரில் காரணம் இல்லாமல் எழவில்லை. பெயர்ப்பலகையும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் வைத்துக்கொண்டு நடந்த அமைப்புகளை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து கடுமையான தணிக்கை. பணம் கைமாறுவதையே தடுத்ததில் போலிகளோடு சேர்ந்து, ஆங்கிலத்தில் புரபோசல் எழுதத் தெரியாத, பாலியல் தொழிலாளர்களே நடத்தும் சங்கங்களும் வெளியே தள்ளப்பட்டன. எடைபோட்டுப் பார்த்தால் இந்தத் திருத்தத்தால் வந்த நன்மையைவிடத் தீமை அதிகம் என்பதே என் முடிவு.

அரசுப் பணத்துக்கு வருவோம். தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, 15,471.94 கோடி ரூபாய், முழுவதும் மத்திய அரசின் செலவு. உலக வங்கிக் கடனில் நடக்கத் தொடங்கிய ஒரு வேலை இப்போது நம் வரிப்பணத்தில் நிற்கிறது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு மையங்களில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்து இன்று மாவட்ட மருத்துவமனைகளில் கிடைக்கிறது. இதை நான் சங்குப் பணம் என்பேன். வருடம் தவறாது, விளம்பரம் கிடையாது, உயிரைக் காக்கும்.

அதன் குறைகளும் சங்குக்கூலியின் குறைகள்தான். சிறியது, தாமதமாக வருவது. தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும், புதுப்பிக்கும் தாள் நகரும்வரை தவணை நகராது. அந்த மாதங்களில் நிறுவனத்தின் செயலாளர் கைமாற்று வாங்கிச் சம்பளம் கொடுப்பார், அல்லது கொடுக்கமாட்டார். இன்னொரு குறை இதைவிட ஆழமானது. 2007இல் மூன்றாம் கட்டம் தொடங்கியபோது, தொற்று விகிதத்தை வைத்து மாவட்டங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். நோய் அதிகம் உள்ள இடத்துக்கு முதலில் போவது சரியான முடிவுதான். ஆனால் அதே தர்க்கத்தைத் தொடர்ந்தால், நன்றாகத் தடுத்த மாவட்டத்துக்குப் பணம் குறைந்துகொண்டே வரும். பாரில் சிப்பி இருந்தால்தான் குளிப்பு என்ற பழைய அதிகாரியின் கணக்கு இங்கே தலைகீழாகத் திரும்பி வருகிறது. தொற்று இல்லை என்பது வேலை நடந்துகொண்டிருப்பதன் விளைவு. அதை வேலை தேவையில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் எழும்புகிறது. புதிய தொழிலாளர்கள் வந்து இறங்கும் நேரத்தில் பழைய விகிதத்தைக் காட்டி ஆளைக் குறைப்பது பெரும் தவறாக முடியும்.

கம்பெனிப் பணத்தை இந்த ஊரில் எடைபோடுவது கடினம். 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் எச்ஐவி, எய்ட்ஸ் என்ற சொற்கள் முதலில் வெளிப்படையாக இருந்தன. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வருமுன்பே, 2014 பிப்ரவரியில், அந்த அட்டவணை மாற்றி எழுதப்பட்டது. ‘தடுப்பு மருத்துவம் உள்ளிட்ட சுகாதாரம்’ என்ற பொதுச் சொல்லுக்குள் எய்ட்ஸ் கரைந்துபோனது. சட்டப்படி இன்றும் செலவிடலாம், தடை இல்லை. ஆனால் பெயர் இல்லாத நோய்க்குப் பணம் ஒதுக்க எந்த மேலாளர் முன்வருவார்? பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, கண் முகாம் என்றால் திறப்புவிழாப் படம் கிடைக்கும். பாலியல் தொழிலாளர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது, அந்தப் பெண்களின் முகம் வெளியே தெரியக் கூடாது. இதற்கு மேல் 2018 மே 22 இருக்கிறது. ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர், எந்த ஆலை எதற்குப் பணம் கொடுக்கிறது என்று கேட்கும். கேட்பது நியாயம். ஆலையின் பெயரை முதுகில் அச்சடித்த பனியனோடு ஒரு களப்பணியாளரை இங்கே தெருவில் இறக்கினால், பத்து வருட நம்பிக்கை ஒரு வாரத்தில் போய்விடும்.

ஆலைகளிடமும் துறைமுக ஒப்பந்ததாரர்களிடமும் பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்ஐவி சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. தொற்று இருப்பதால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்கிறது. இதற்குச் சிஎஸ்ஆர் தேவையில்லை. ஒரு உத்தரவும் நோட்டீஸ் பலகையில் இரண்டு மொழியில் ஒரு தாளும் போதும்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையைப் பார்க்கலாம். இலங்கை 2019இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அதற்கு அடித்தளமாக இருந்தது எந்த நன்கொடையாளரின் தனித் திட்டமும் இல்லை. கர்ப்பிணியின் வீடு தேடிப் போகும் அரசு குடும்பநல மருத்துவிச்சியும், பல தலைமுறையாக அறுபடாத இலவச மருத்துவமும்தான். வெளிநிதி அதன்மேல் சேர்ந்தது. அடிமரம் சொந்த மண்ணில் இருந்ததால் ஒட்டு பிடித்தது.

இவ்வளவையும் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். தூத்துக்குடியின் சிறு அமைப்புகள் களப்பணியாளரின் மாதச் சம்பளத்தை எந்த வெளிநாட்டுப் பணத்திலும் வைக்கக் கூடாது. அது அரசுப் பணத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அந்தப் பணம் சிறியது என்றால் அதைப் பெரிதாக்கச் சொல்லிப் போராட வேண்டும், வேறு வாசலுக்கு ஓடுவதில் பயன் இல்லை. வெளிநாட்டு நிதிக்கு ஓர் இடம் உண்டு. அரசு செய்யத் தயங்குவதையும், இன்னும் செய்துபார்க்காததையும் அதில் செய்யலாம். பாலியல் தொழிலாளருக்கான சட்ட உதவி, கைபேசி வழியே ஆட்களைச் சென்றடையும் முயற்சி, வருடத்துக்கு இரண்டே ஊசியில் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் போன்ற புதிய மருந்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற சோதனை. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் 2027 முதல் அந்த மருந்தை வருடத்துக்கு 40 டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. மருந்து மலிவாகிவிடும். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி லாரிப் பேட்டையில் ஒருவரைச் சம்மதிக்கவைக்கும் ஆள்தான் வேண்டும், அந்த ஆளை நாம்தான் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பணத்துக்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009இல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி, நிலையான வைப்புத்தொகை போட்டு, அதன் வட்டியில் படிப்புக்கும் சத்துணவுக்கும் கொடுத்துவருகிறது. அதேபோல ஒரு மாவட்ட வைப்பு நிதி இங்கே வேண்டும். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் உப்பு வியாபாரிகளும் லாரி உரிமையாளர்களும் அதில் போடட்டும். யார் பெயரும் எந்தப் பனியனிலும் வர வேண்டாம். கணக்கை ஆட்சியர் அலுவலகம் வெளியிடட்டும், குழுவில் பாதி இடம் தொற்றோடு வாழ்பவர்களுக்கும் சக கல்வியாளர்களுக்கும் இருக்கட்டும். அந்த வட்டிக்கு முதல் வேலை ஒன்றுதான். டான்சாக்ஸ் தவணை தாமதமாகும் மாதங்களில், ஐந்தாம் தேதிக்குள், சக கல்வியாளர்களின் கையில் சம்பளம் போய்ச் சேர வேண்டும். தவணை வந்ததும் அதைத் திரும்ப நிதியில் கட்டிவிடலாம்.